ஒரு கிலோ மாஸ்டர்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ்ப் புத்தகம் இன்னும் வரவில்லை. மாலையில் என் வீட்டுக்காரரை மயிலாப்பூருக்குப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனபிறகு, பயிற்சிக்கு இன்றுதான் முதல் நாள்.

பெசன்ட் நகரில் ஜிம் நடத்தும் டில்லிபாபு மாஸ்டர், "வலிக்கலேன்னா அது எக்சர்சைஸே இல்ல" என்று குப்பத்துப் பையன்களிடம் கத்துகிறவர், ஆட்டோவுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரில் பயிற்சி முகாம் என்று ஜிம்மில் சொல்லியிருக்கிறாராம். யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

ஆட்டோக்காரர் கரீமுல்லா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா, என் டிரைவிங் மேல அவ்ளோ நம்பிக்கையா?"

பிசியோதெரபிஸ்ட் ஹம்சினி சின்னப் பெண். இவர் தொடையின் மேல்பகுதியில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் கட்டுவார்களே, அதுபோல. கணுக்காலில் ஒரு கிலோ எடை. பட்டை ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், சின்ன எடைக்கே தசை பெரிய பாரம் தூக்கியதுபோல் களைத்துப்போகுமாம். மூட்டுக்குச் சுமை இல்லை.

கொஞ்சம் வேலை செய்துவிட்டு நிறையச் செய்ததாக நம்புவது. இவருக்கு வீட்டில் அது பல வருடப் பழக்கம். தசைக்கும் சீக்கிரம் வந்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

பக்கத்துக் கட்டிலில் சூடாமணி மாமி. மூட்டு மாற்றிக்கொண்டவர். அவருக்கும் அதே பட்டை, அதே ஒரு கிலோ. எங்கள் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வேர்த்து வழிந்தார். மாமி திரும்பிப் பார்த்தார்.

"ரொம்ப எரியறதோ? எனக்கும்தான். நான் மனசுக்குள்ள சமையல் பண்ணிண்டே தூக்கறேன். இப்போ ரசம் கொதிக்கறது."

திரும்பும்போது அடையாறு பாலத்தில், "அந்தம்மா காலு நல்லா ஸ்ட்ராங்கா கீது" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

லுங்கியை விலக்கித் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் மரம், ஒரு கால் குச்சி. என்னைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"மேகலா, இது திரும்ப வருமா?"

தோசை வேணுமா என்று கேட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மீன் வாங்கப் போன இடத்தில் ஆண்டனி. மாஸ்டர் இல்லாதபோது ஜிம்மைப் பார்த்துக்கொள்பவன். அவன் கேட்பதற்கு முன் நானே கோயம்புத்தூர் காற்றைப் புகழ ஆரம்பித்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணி, செவ்வா வெள்ளி சாயங்காலம் நாங்க யாரும் உங்க தெரு பக்கமே வர்றதில்ல. மாஸ்டர் ஆட்டோ ஏறுறப்போ சங்கடப்படக் கூடாது பாருங்க. அவரு கோயமுத்தூர்லதான் கீறாருன்னு நம்பிக்கினு கீறோம். நீங்களும் நம்புங்க."

யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்றே புரியவில்லை. இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்றரைக் கிலோவுக்கு உயர்ந்திருக்கிறோம். மாமி இரண்டு.

ஜூலை 10, வியாழன்

நல்ல தமிழ்ல எழுத வரல.

ஸ்கூல்லேர்ந்து வந்து பாத்தா, கட்டில்ல உக்காந்துகினு, தொடையில சைக்கிள் டியூபை முறுக்கிக் கட்டி வச்சிருக்காரு. ஹம்சினி அடிக்கிற காத்து பத்தலையாம். இறுக்கினா சதை சீக்கிரம் ஏறுமாம். பாதம் நீலமா, ஜில்லுனு. முடிச்ச அவராலயே அவுக்க முடியல. கத்தரிக்கோலால வெட்டினேன்.

"இன்னாய்யா பண்ணி வச்சிகீற? காலு போச்சுன்னா?"

"உணர்ச்சியே இல்ல மேகலா. தொடு... தொட்டுப் பாரேன்."

தொட்டுக்கினுதான் இருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

நேற்றே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டி எதுவும் இல்லை. விரல்களில் மரமரப்பு மட்டும், போய்விடுமாம். ஹம்சினி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஒவ்வொருத்தர் காலுக்கும் அளவு பார்த்துதான் சார் காத்தடிக்கிறோம். உங்க ஜிம்ல ஒருத்தர் இப்படிப் பண்ணா என்ன செய்வீங்க?"

"வெளிய அனுப்பிடுவேன்."

"நான் அனுப்பல. டாக்டர் சரின்னு சொன்னதும் திரும்ப வாங்க."

ஜூலை 13, ஞாயிறு

காலையில் அவராகவே, "ஜிம்முக்குப் போலாம் வா" என்றார். ஊன்றுகோலோடு, பட்டப்பகலில், எங்கள் தெரு வழியாகவே. பையன்கள் எடைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். ஆண்டனி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கோயமுத்தூர் கிளைமேட் எப்டி மாஸ்டர்?"

"கோயமுத்தூரே போலடா. மயிலாப்பூர்ல ஒரு மாமி பக்கத்துல ஒன்றரை கிலோ தூக்கிக்கினு இருந்தேன். மாமி ரெண்டு."

சைக்கிள் டியூப் கதையையும் சொன்னார். தொடையில் இருந்த தடத்தைக் காட்டினார். சிரிக்கலாமா என்று பையன்கள் என்னைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அழுதார். எல்லோரும் திடீரென்று சுவரை ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாமிக்கு இன்று கடைசி நாள். ஆத்துல பண்ணினது என்று இவர் கையில் மைசூர்பாகு டப்பாவைக் கொடுத்தார். "போட்டிக்கு ஆள் இல்லையேன்னு சோம்பேறி ஆயிடாதேங்கோ."

அக்டோபர் 12, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. தரையில் உட்கார்ந்து சங்கரா மீன் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே போன் அடித்தது. எழுந்து போய் எடுத்தார். ஜிம் பையன் ஒருவன்.

"தோள் வலியோட பாரம் ஏத்தாதடா. போட்டி எங்கயும் ஓடாது. மொதல்ல டாக்டராண்ட காட்டு... பயமா கீதா? செரி, நானே கூட்டிகினு போறேன்."

நான் சோற்றில் வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பிடிக்காமல், கையை ஊன்றாமல் எழுந்து போயிருக்கிறார். அவர் கவனிக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி உட்கார்ந்து எழுந்து காட்டுவார், குழம்பு ஆறிவிடும்.