வெப்பமானி மாட்டிய இடம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் உடம்பளவில் நலம், மனதைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்றால் எனக்கு அது போதும். ஃபோனில் பேசலாமே என்பாய். அப்பா போனதிலிருந்து ஃபோனை எடுத்தாலே நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே அழுகிறேன், சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் தையல் மெஷினை மூடிவிட்டு அதன் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள், துணியில்தான் எனக்கு நேர்க்கோடு வரும்.

சின்னவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு வானொலி என்று அப்பா பேர் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கண் விழித்ததிலிருந்து ஓயாமல் பேசும் பிள்ளை, இப்போது ‘ம்’ சொல்லக்கூட யோசிக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், ஆனால் புவியியல் டீச்சர் நடத்தும், வெயில் மழை அளக்கும் அந்தக் குழுவின் பக்கம் போவதில்லை. நீயும் போன தடவை பேசும்போது, வெயிலையும் மழையையும் அளந்து என்ன வேலை கிடைக்கப்போகுது, அதை விட்டுட்டு டியூஷன்ல சேரச் சொல்லுங்க என்றாய். நீ தூரத்தில் இருப்பவன், நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

அந்த டீச்சர் புத்தகத்தை ஒப்பிக்கச் சொல்லும் ஆள் இல்லை. பூமி சூடாகுதுன்னு எழுதி மார்க் வாங்கிட்டுப் போயிடாதீங்க, உங்க தெருவுல அது யாரைச் சுடுதுன்னு போய்ப் பாருங்க, யாராவது ஒரு கணக்குச் சொன்னா எங்க வெச்சு அளந்தீங்கன்னு கேளுங்க, என்ன செய்யலாம்னு நீங்களே யோசிங்க என்பாராம். இவள் ஒரு விடுமுறை நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ரோடு போடும் இடத்தில் ஒரு வெப்பமானி கொடுத்திருந்தார்கள், அது சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மேஸ்திரி என்பதால் அது அப்பாவின் பொறுப்பு. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. நம்பிக் கொடுத்த பொருள் ஆயிற்றே, வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், தார் தெறித்தால் பாழாகும் என்று தினமும் துடைத்து, கொட்டகைக்குள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஃபேனுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். கொதிக்கும் தார் பக்கத்தில் நிற்கிற மனிதருக்குக் காற்று இல்லை, அதற்கு ஃபேன். பிறகு எப்படிச் சிவப்பைத் தொடும்? சின்னவள் பார்த்ததுமே, நிழல்ல வெச்சது சரிப்பா, ஆனா நீங்க நிக்கிற இடத்துல ஒரு குடையைக் கட்டி அதுக்கடியில மாட்டணும், இது உங்களை விட்டுட்டு டிரம்முக்குல்ல காய்ச்சல் பாக்குது என்றாளாம். ஆட்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அப்பாவும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் அவள் விடவில்லை, இப்படியே நின்னா ஒருநாள் விழுந்துடுவீங்கப்பா என்று சாப்பிடும்போது சொன்னாள். நீ பாடத்தைப் படி கண்ணு, தாரை நான் பாத்துக்கிறேன் என்றார். அந்த வாரமே வெயிலில் தார் பக்கத்தில் விழுந்தார், பிறகு எழவே இல்லை. அப்போதும் கொட்டகைக்குள் அது சிவப்புக்குக் கீழேதான் இருந்ததாம்.

துக்கம் கேட்க வந்த உன் அத்தை, நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி, இவளுக்குக் கரிநாக்கு, சொன்னது பலிச்சிடுச்சு என்றாள். கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள், அழுகையில் வாய் தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் நீயும் ஃபோனில், அவ அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருக்கலாம்மா என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். அன்று மூடிய வாய்தான். உன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நாக்கு நினைத்தால் வெயில் வருமா? அவள் சாபம் விடவில்லையடா, பார்த்துச் சொன்னாள், அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அந்தப் பிள்ளை மேல் பழி போடாதே.

போன வாரம் ரோலர் ஓட்டுகிறவர் வீட்டுக்கு வந்தார், அப்பாவோடு வெகுகாலம் வேலை பார்த்தாரே, அவர்தான். வாசலிலேயே நின்று, அன்னைக்குச் சிரிச்சதுல நானும் ஒருத்தன் பாப்பா, அதை எங்க மாட்டணும்னு வந்து காட்டுறியா என்று கேட்டார். இவள் ஆணியில் கிடந்த அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தார் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, குடையைக் கட்டி, அதற்கடியில் மாட்டிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பைத் தாண்டியது. நிறுத்துங்க என்றாள். இத்தனை நாளில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தார் இறுகிடும், எவன் நிறுத்தச் சொன்னான் என்று சூப்பர்வைசர் கத்தினார். ரோலர்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை அணைத்தார். ஒவ்வொருவராக மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மடியில் விழுந்து, நான் சொன்னதும் எல்லாரும் உக்காந்துட்டாங்கம்மா, அப்பா மட்டும் உக்காரலியே என்று கதறினாள். அவள் செருப்பை நான்தான் கழற்றிவிட்டேன்.

அந்தக் குழுவை விடச் சொல்லி இனிமேல் பேச்செடுக்காதே. போவதும் போகாததும் அவள் முடிவு, ஆனால் பயத்தில் அதை விட்டுவிட்டாள் என்று ஆகக் கூடாது. நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. தண்ணீர் குடிக்க மறக்காதே. இன்னொன்று, நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே அவளாகவே உன்னைப் பற்றிக் கேட்டாள், அண்ணன் வேலை பாக்குற கிடங்கும் தகரக் கூரைதானேம்மா, அங்க வெப்பமானியை எங்க மாட்டியிருக்காங்க என்று. போய்ப் பார். பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாதே, அவளைக் கூப்பிட்டுச் சொல்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா