‘சேமி’ எந்தப் பக்கம்?

மார்ச் 4
பல் மருத்துவமனை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் முன்பதிவு மென்பொருள் விண்டோஸ் கணினியிலும் மேக் கணினியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பாராம். விண்டோஸுக்கு எழுதுவது நான், மேக்குக்கு நாத்தனார். நான் ஒரு வசதி சேர்த்தால் அவள் அதையே முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும். எத்தனை நாள் இப்படி? இனி இரண்டுக்கும் ஒரே நிரல்தான். ஆனால் யாருடையது?

மார்ச் 6
என்னுடையதுதான். அதில்தான் வேலை அதிகம் முடிந்திருக்கிறது. நாத்தனார் சொன்னது ஒன்றே ஒன்று: "மேக்ல 'சேமி' வலது ஓரத்துல இருக்கணும் அண்ணி. கை தானா அங்கதான் போகும்."

ஒரு பொத்தானுக்கு இவ்வளவு அலப்பறையா? மாற்ற மாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேசையோடு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். வெளியே வேலை தேடப் போகிறாளாம்.

மார்ச் 19
இரண்டையும் ஒன்றாக்கியாயிற்று. மேக்கிலும் என் திரை. அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 21
போச்சு. எல்லாம் போச்சு.

மருத்துவமனையில் மேக்கில் வேலை பார்க்கும் வரவேற்பறைப் பெண் காலையிலிருந்து வந்த முன்பதிவுகளுக்கெல்லாம் பழக்க தோஷத்தில் வலது ஓரத்தைத் தட்டியிருக்கிறாள். அங்கே நான் வைத்திருந்தது 'ரத்து'. ஒன்றுகூடப் பதியவில்லை. தன் தப்பு என்று போனில் அழுகிறாள். அவ தப்பா அது? என் மண்டைக்கனம்!

நாத்தனார் மருத்துவமனைக்கே போனாள். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, போனில் வந்த எண்களுக்கெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, பதிந்து கொடுத்தாள். அவள் முகத்துக்காக டாக்டர் இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 22
பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "மேக்ல இன்னும் என்னென்ன வேற மாதிரி இருக்கு? சொல்லு, கேட்டுக்கறேன்" என்றேன்.

சிரித்துவிட்டாள். "உக்காருங்க அண்ணி. பட்டியல் பெருசு, சீக்கிரம் முடியாது."

மார்ச் 30
திரை ஒன்றுதான். ஆனால் பொத்தான்களை அடுக்குமுன் நிரல் கணினியிடம் கேட்கும்: நீ விண்டோஸா, மேக்கா? பதிலைப் பார்த்து 'சேமி' இடம் மாறும். அவள் யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஏப்ரல் 9
வரவேற்பறைப் பெண் புதியதில் அரை நாள் வேலை பார்த்தாள். பிறகு குழம்பிப்போய்க் கேட்டாள்: "புதுசுன்னு சொன்னீங்க, ஒண்ணுமே மாறலையே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஏப்ரல் 12
டாக்டர் எங்களையே தொடரச் சொல்லிவிட்டார். இன்று ஒரு புது வசதி எழுதினோம். ஒரே தடவைதான் எழுதினோம்.

பக்கத்து அறையில் இப்போது அவள் அண்ணன் துணி காயப்போடுகிறார். மேசையை என் அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். இடது பக்கம் போடு என்றேன். வலது பக்கம்தான் போட்டாள். நான் என் நாற்காலியை இடது பக்கம் நகர்த்திக்கொண்டேன்.