கயூகா ஏரியில் நீங்கள் கேட்டது

மாமா,

நீங்கள் அதைச் சொன்னபோது படகில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். இரண்டு உள்ளங்கையிலும் துணிக்கட்டோடு, கேப்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நீங்கள். உங்களுக்கு ஒரு முழம் தள்ளி, படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டிருந்த நான். என் கையில் பாதி கரைந்துபோன மஞ்சள் பிள்ளையார். அவ்வளவுதான். கூப்பிடு தூரத்தில் வேறு படகு இல்லை. அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்று காலையில் கராஜில் உங்கள் அஸ்திப் பெட்டியைத் துடைக்கப் போனேன். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் உங்களை அங்கேதான், மேல் தட்டில், பட்டுத் துண்டு சுற்றி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பை சரிந்து விழுந்தது. உள்ளே படகில் நீங்கள் போட்டிருந்த அந்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறீர்கள். பாசியும் டீசலும் கலந்த அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நாற்றத்துக்கு இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நம் பையன் அந்தப் பெட்டியைப் பவானிக்கு எடுத்துக்கொண்டு போகிறான். கூடுதுறையில் உங்கள் தம்பி எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். நீங்கள் வேறு ஏதோ கேட்டீர்கள் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி உங்கள் நண்பர்களிடம் நீங்கள் பேசியதெல்லாம் பொய். உண்மையை நான் சொல்கிறேன்.

முப்பது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த மனிதர். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் குளத்தில் வாத்துக்கு ரொட்டி போட்டதுதான் உங்களுக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு. நான்கு வீடியோ பார்த்துவிட்டு, நியூயார்க் மாநிலக் கால்வாயில் ஆறு நாள் நாமே படகு ஓட்டப் போகிறோம் என்று வந்து நின்றீர்கள். அதுவும் ஆடி மாதத்தில். ஆடியில் புது விளக்குமாறுகூட வாங்காத வீட்டில் பிறந்தவள் நான். "ஆபீஸ்ல லீவு ஆடி பாத்தா குடுக்கறான்?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்வியில் உங்கள் பக்தி முழுவதும் அடங்கிவிட்டது.

படகை வாடகைக்குக் கொடுத்தவர் ஒரு புத்தகமும் கொடுத்தார். அதை நீங்கள் தொடவில்லை. எம்.இ. படித்தவருக்கு எதற்குப் புத்தகம்? பத்தாவதோடு நின்றவள் நான் படித்தேன். பையனின் பழைய பாடப் புத்தகங்களை வைத்து நானாகக் கற்ற ஆங்கிலம்தான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாளில் முடித்தேன். லாக் என்பது படகு இறங்கும் படிக்கட்டு மாதிரி. ஆழமான தொட்டிக்குள் படகை நிறுத்தி, கதவைச் சாத்தி, தண்ணீரை வடிய விடுவார்கள். தண்ணீரோடு படகும் இறங்கும். சுவரிலிருக்கும் பிடியில் கயிற்றைச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்து, இறங்க இறங்க விட்டுக்கொண்டே வர வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் முடிச்சுப் போடக் கூடாது. அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

நான் ஒரு தேங்காய்ப் பையும் கொடுவாளும் எடுத்துக்கொண்டேன். தினம் காலையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, தேங்காய் உடைத்து, பொழுதோடு அவரைத் தண்ணீரில் கரைத்துவிடுவது என்று என் திட்டம். நீங்கள் படகுக்காரர் முன்னால் சிரித்தீர்கள். "என்ற பொண்டாட்டி படகுல கசாப்புக்கடை வெக்கப் போறாளாட்ட இருக்குது." அவருக்குத் தமிழ் தெரியாதது உங்கள் நல்ல காலம்.

முதல் மூன்று நாளும் ஏரிக்கரை ஊர்கள். எல்லாம் ஒரே ஊர்தான். ஒரு ஐஸ்கிரீம் கடை, ஒரு மெழுகுவத்திக் கடை, பழைய சாமான்களைப் புதிதை விட அதிகமாக மினுக்கி வைத்திருக்கும் ஒரு கடை. அந்தத் தொப்பி அங்கே வாங்கியதுதான். தொப்பி தலையில் ஏறியதும் எதிரே வந்த படகுக்கெல்லாம் சல்யூட் வைத்தீர்கள். முதல் ஊரில் இறங்கி, "ரிட்டயர் ஆனதும் இங்க ஒரு வீடு வாங்கறோம் அம்மிணி" என்றீர்கள். இரண்டாவது ஊரிலும் வீடு. மூன்றாவது ஊருக்குப் பேர் ஜெனிவா, அங்கே வீடும் படகுத்துறையும். மூன்று நாளில் மூன்று வீடு கட்டிக் குடி புகுந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீணை கற்றுக்கொள்கிறேன் என்றதும், பழனிக்கு நடந்து வருகிறேன் என்றதும் இதே வாய்தான்.

நான்காம் நாள் செனிகா ஃபால்ஸ் லாக். அங்கே இரண்டு தொட்டிகள், ஒன்றை ஒட்டி இன்னொன்று. முதல் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கயிற்றை எடுத்து இரும்புப் பிடியில் கட்டினீர்கள். சுற்றவில்லை, கட்டினீர்கள்.

"ஏனுங்க, கட்டக் கூடாதுங்க. தண்ணி எறங்கறப்ப கவுறும் எறங்கோணும். புஸ்தகத்துல போட்டிருக்குது."

"எங்கப்பன் எருமை கட்டற முடிச்சு அம்மிணி இது. எருமையே இழுத்தாலும் அவுராது."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். அவுராது."

"புஸ்தகம் எழுதுனவன் எருமை மேச்சிருக்கானா?"

கோபிச்செட்டிபாளையத்தில் எருமை மேய்த்ததும் நீங்கள் இல்லை, உங்கள் அப்பா. நீங்கள் ஹாஸ்டலில் இருந்தீர்கள். ஆனாலும் அமெரிக்காவில் எதைக் கட்ட வேண்டியிருந்தாலும் அந்த முடிச்சுதான். கார் மேல் சோபாவைக் கட்டியபோதும் அதேதான், கடைசியில் கத்திரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். அதிலிருந்தும் நீங்கள் கற்றது ஒன்றுமில்லை.

தண்ணீர் இறங்கியது. முன்பக்கக் கயிற்றை நான் விட்டுக்கொண்டே வந்தேன், முன்பக்கம் இறங்கியது. பின்பக்கம் சுவரில் தொங்கியது. முதலில் டம்ளர்கள் உருண்டன. பிறகு அடுப்பின் மேலிருந்த சாதப் பாத்திரம். நீங்கள் முடிச்சை இரண்டு கையாலும் பற்றி இழுத்தீர்கள். எருமைக்குப் போட்ட முடிச்சு, படகின் மொத்தப் பாரமும் அதன் மேல், எப்படி அவிழும்? கை தோல் உரிந்து கயிற்றில் ரத்தம். "முருகா" என்றீர்கள். அதுவரை அந்தப் பேரை உங்கள் வாயில் நான் கேட்டதில்லை.

நான் கொடுவாளை எடுத்துக்கொண்டு போனேன். "தள்ளிக்கங்க" என்றேன். மேலே சுவரோரம் நின்று லாக்கை இயக்கிய அம்மாள், வெள்ளை முடியும் பச்சைச் சட்டையுமாக ஒரு பெரியவள், சேலை கட்டிய ஒருத்தி கொடுவாளோடு புருஷனைப் பார்த்து ஓடுவதைத்தான் முதலில் கண்டிருக்கிறாள். "மேம்! மேம்! புட் தட் டவுன்!" என்று கத்தினாள். "தி ரோப்! ஒன்லி தி ரோப்!" என்று நானும் கத்தினேன். இரண்டே வெட்டு. படகு தொப்பென்று விழுந்தது, நான் நனைந்தேன், நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஹனி, ஹூ இஸ் தி கேப்டன் ஹியர்?" தொப்பி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கரண்டியால் இழுத்து எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அடுத்த தொட்டியில் இரண்டு கயிற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். கயூகா ஏரிக்குள் வந்து நங்கூரம் போட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. என் பழைய சேலைத் தலைப்பைக் கிழித்து உங்கள் கைகளுக்குக் கட்டினேன். சாமி கும்பிட்டுவிட்டு, பிள்ளையாரை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டேன். அப்போதுதான் கேட்டீர்கள்.

"உன்ற சாமியவே இந்தத் தண்ணியில கரைக்கறயே அம்மிணி. என்னையக் கரைச்சா ஆகாதா?"

"என்ன பேச்சுங்க இது, பொழுதோட?"

"நெசமாத்தான் சொல்றேன். எனக்குக் கூடுதுறை வேண்டாம். இங்கயே உட்டுரு."

"இந்தப் பாசித் தண்ணியிலயா?"

"புள்ளையாருக்கு ஆகுதல்ல?"

ஏன் என்று கேட்டேன். நீங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு, "நீ மட்டும் வந்தாப் போதும்" என்றீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை. உங்கள் சொந்தக்காரர்களின் கூட்டம் வேண்டாம் என்றா? அன்றைக்கு உங்களைத் தொங்கலில் இருந்து இறக்கியவள் நான் என்றா? "சரிங்க, சரி. மொதல்ல சோத்தத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் கையில் கட்டு என்பதால் தயிர்சாதத்தை நான்தான் ஊட்டினேன். முப்பத்தோரு வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் அது. ஊறுகாய் போதவில்லை என்றீர்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தீர்கள். ஒரு தடவையாவது அந்தப் பேச்சை எடுத்தீர்களா? எல்லா பாஸ்வேர்டையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதி வைத்திருந்தீர்கள். டெலஸ்கோப்பை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு வரி. கராஜ் கதவுக்குப் பேட்டரி எப்போது மாற்றுவது என்று ஒரு வரி. உங்களை எங்கே விடுவது என்பதற்கு ஒரு வரி இல்லை. துக்கத்துக்கு வந்த உங்கள் ஆபீஸ் ஆட்கள், "சார் ரொம்ப ஆர்கனைஸ்டு ஆன்ட்டி" என்று என்னிடமே சொன்னார்கள். நான் காபியை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நீங்கள் போன மூன்றாம் நாளே உங்கள் தம்பி வீடியோவில் வந்துவிட்டார். "அண்ணி, ஒரு வெசனமும் படாதீங்க. கூடுதுறையில எல்லாஞ் சொல்லியாச்சு. அப்பா, அம்மாவக் கரைச்ச அதே எடந்தான்." பின்னாலிருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார்கள், தாலிச் செயினைக் கழற்றிவிட்டேனா என்று. அந்தக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் நினைத்தது தப்பில்லை என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

பிறகு பையன் சான் ஹோசேயிலிருந்து போன் பண்ணினான். "அம்மா, டிட் அப்பா எவர் ஸே எனிதிங்? வேர் ஹீ வான்ட்டட்?" என்று கேட்டான். பாவம், கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான், "ஒண்ணுஞ் சொல்லலை கண்ணு" என்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதன் முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். நான் விளக்கு முன்னால் பொய் சொன்னது அது ஒன்றுதான். "ஓகே மா" என்று உடனே டிக்கெட் போட்டுவிட்டான்.

ஏன் சொன்னேன் தெரியுமா? சாஸ்திரம் பார்த்து இல்லை. எனக்குக் கூடுதுறைதான் என்று பையனிடம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறேன். என் அம்மா, என் அக்கா, எல்லோரும் அங்கேதான் போனார்கள். உங்களைக் கயூகாவில் விட்டால் நான் பவானியில் தனியாகப் போக வேண்டும். இல்லையென்றால், வாத்தும் டீசலும் மிதக்கிற அந்தத் தண்ணீருக்கு உங்கள் பின்னாலேயே நானும் வர வேண்டும். முடிச்சுப் போட்டது நீங்கள், வெட்டுவது எப்போதும் நானா? இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குத்தான் நஷ்டம் வருகிற மாதிரி ஒரு காரியத்தை, தயிர்சாதம் தின்கிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போன உங்கள் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

நெசமாகச் சொன்னீர்களா, கை எரிச்சலில் சொன்னீர்களா? ஜெனிவாவில் கட்டிய வீடு மாதிரியா அது? சகுனம் பார்க்கலாம் என்றால் நியூ ஜெர்சியில் சொல்வதற்கு ஒரு பல்லிகூட இல்லை. இங்கேயுள்ள கோவிலில் பூ வைத்துக் கேட்கலாம் என்று போன சனிக்கிழமை பொட்டலம் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். சந்நிதி வரை போய்த் திரும்பிவிட்டேன். முருகனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? சொன்னது நீங்கள்.

நான் தூக்கிக்கொண்டு அலைவது இரண்டே சொல். உங்களிடம் சொன்ன "சரி" ஒன்று, பையனிடம் சொன்ன "ஒண்ணுஞ் சொல்லலை" ஒன்று. இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. உங்களைப் போல நான் ஊருக்கு ஒரு பேச்சுப் பேசிப் பழகியவள் இல்லை. முதலில் சொன்னதுதான் நிற்கும் என்று வைத்தால், பையனை உட்கார வைத்து நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். உங்கள் தம்பியிடம் ஏச்சு வாங்க வேண்டும். வாங்குவேன். ஆனால் நீங்கள் விளையாட்டுக்குச் சொன்ன ஒன்றுக்காக வாங்க மாட்டேன்.

பையன் புதன்கிழமை மத்தியானம் வருகிறான். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்கிறேன், கனவில் வந்து சொன்னாலும் போதும். வளர்த்த வேண்டாம், எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் எனக்குப் பதில் வேண்டும் மாமா.