சட்டைப் படம் எடுக்காத கேமரா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். இந்தத் தடவை நலம் என்று எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. போன மூன்று கடிதத்திலும் கூசியது. ஏன் என்று சொல்லத்தான் கடையைப் பன்னிரண்டு மணிக்கே சாத்திவிட்டு, இவ்வளவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதறாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். அம்மா இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். நின்றுகொண்டு என்று எழுதியிருக்கிறேன், அதைக் கவனி.

நீ போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாய், கேமரா வாங்கி மூணு மாதம் ஆச்சே, தைத்த சட்டை ஒன்றையாவது படம் எடுத்து அனுப்பலையே என்று. அனுப்ப ஒன்றும் இல்லை கண்ணு. அந்தக் கேமராவில் நான் சட்டையே எடுக்கவில்லை, அம்மாவின் காலைத்தான் எடுத்தேன். அறுபத்து மூன்று நாள், நாளுக்கு ஒரு படம். கடைக்கு என்று சொன்னது பொய். நீ புது வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை, விஷயம் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாய், அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என் தலையில் அடித்து சத்தியம் வாங்கிவிட்டாள். கோபம் வந்தால் பாதியை அவள் மேல் வை, பாதி என்னுடையது.

உண்மையில் முழுதும் என்னுடையதுதான். பள்ளிச் சீருடை வேலை கடையில் அடங்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்து முன்னறையில் தரையெல்லாம் பரப்பி, குண்டூசி குத்தி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் பெருக்கினேன், காந்தத்தையும் ஓட்டினேன், இருந்தும் ஒரு ஊசி என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினொரு வருஷம் ஆகிறது, உள்ளங்கால் மரத்துப்போய் வருவதை அவள் என்னிடம்கூட சொல்லவில்லை. அந்த ஊசியோடு இரண்டு நாள் நடந்திருக்கிறாள், வலிக்கவே இல்லை. மூன்றாம் நாள் செருப்பு ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் கட்டைவிரலுக்குக் கீழே சீழ் வைத்திருந்தது தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கால் பார்க்கிற டாக்டரம்மா அதைக் கீறிச் சுத்தம் பண்ணிவிட்டு, காலை ஊன்றவே கூடாது, மூன்று மாடி இறங்கி ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பக்கத்துத் தெரு நர்ஸ் தினமும் வந்து கட்டு மாற்றட்டும், கட்டைப் பிரிக்கும்போது நான் ஒரு படம் எடுத்து வாரா வாரம் கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கடைசியில், “சின்னதாகிட்டே வந்தா சந்தோஷம். பெருசாகிட்டே போச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை.

போனிலேயே எடுத்திருக்கலாமே என்று கேட்பாய். போன வருஷம் அம்மா சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியதை எடுத்து உனக்கு அனுப்புவதாக நினைத்து நம் கட்டிடத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குழுவுக்கு அனுப்பினேனே, கீழ்வீட்டுக்காரர் கைதட்டுகிற படம் போட்டாரே, அதை அவள் இன்னும் மறக்கவில்லை. “என் காலை அந்தப் போன்ல எடுத்தீங்கன்னா பாருங்க, நாளைக்கு மாடிப்படியெல்லாம் என் புண்ணைப் பத்தித்தான் பேச்சா இருக்கும்” என்று ஒரே பிடி. படம் எடுக்கத் தெரிந்த, ஆனால் யாருக்கும் அனுப்பத் தெரியாத ஒரு சாமான் வேண்டும் என்றாள். அதனால்தான் உன்னிடம் கேட்டேன், அன்றாடம் எடுக்க, கைக்கு அடக்கமாக, விலை குறைவாக எந்தக் கேமரா நல்லது என்று. நீ பாவம், நம்பி அன்றைக்கு ராத்திரியே போனில் நாலு பக்கம் எழுதி அனுப்பினாய். பெட்டி மேல் போட்டிருக்கும் பெரிய பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க, திரை உங்க கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கா பாருங்க, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிதான் வேண்டும், கூட ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்க, மெமரி கார்டு பெரிதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு என்று. துணியில் நூல் தெரிய வேண்டுமென்றால் ஜூம் பண்ணாதீங்க, பூப் படம் போட்ட பொத்தானை அமுக்கிவிட்டுக் கிட்ட போய் எடுங்க என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். நடுங்காமல் இருக்க ஒரு சின்ன மூன்று கால் ஸ்டாண்டும் கட்டாயம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைத்தான் நான் கேட்கவில்லை.

கேமராக் கடையில் இருந்த பெண் வாய் ஓயாதவள். எடுத்த எடுப்பில் முழ நீளத்துக்கு மூக்கு நீட்டுகிற ஒன்றைக் கையில் கொடுத்து, “இதுல நிலாவே பக்கத்துல வந்துடும் சார்” என்றாள். எனக்கு நிலா வேண்டாம்மா, ஒரு சாண் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிந்தால் போதும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் அலமாரி அடித்தட்டிலிருந்து போன வருஷத்து மாடல் ஒன்றை எடுத்துத் துடைத்துக் காட்டினாள். என் சட்டைக் கையை அதிலேயே கிட்ட வைத்து எடுத்துப் பார்த்தேன், தையலில் ஒரு கண்ணி விட்டிருந்தது தெரிந்தது, அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். அது நான் தைத்த சட்டை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட ஒரு பேட்டரி, இரண்டு கார்டு, கைப்பட்டை வாங்கினேன். பை அவள் காட்டியது பிசுபிசு என்று இருந்தது, கோட்டுத் துணி மிச்சத்தில் நானே உள்ளே பஞ்சு வைத்து ஒன்று தைத்துக்கொண்டேன், பார்த்தால் அசந்துபோவாய். ஸ்டாண்டை எடுத்து நீட்டினபோது மட்டும், நாற்பது வருஷமாக ஊசியில் நூல் கோர்க்கிற கைம்மா இது, இதுக்கு எதுக்கு மூணு கால் என்று பெருமை பேசிவிட்டு வந்தேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

உனக்குத்தான் தெரியுமே, நீ சின்னவளாக இருந்தபோது முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மருந்து போடாமல் கடைக்கு ஓடிப்போகிறவன் நான். முதல் நாள் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது நிலைப்படியிலேயே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். நர்ஸ், “சார், கால் இந்தப் பக்கம் இருக்கு” என்றாள். காலுக்கு அடியில் தினமும் சுத்தமான துணி போட வேண்டும் என்றதால் சீருடை தைத்து மிஞ்சிய கட்டம் போட்ட துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஓரம் அடித்துத் துவைத்து அடுக்கி வைத்திருந்தேன், அதைத்தான் ஒவ்வொரு நாளும் போட்டாள். நானும் ஒரு நாள் தவறாமல் எடுத்தேன். வாரா வாரம் கார்டைச் சட்டைப்பையிலும் கேமராவைத் தோளிலும் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்க் காட்டினேன். முதல் வாரம் டாக்டரம்மா அதே மருந்தைத் தொடரச் சொன்னார். இரண்டாம் வாரம் உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் வரிசையாக ஓட்டினார். எனக்கே பார்க்க முடியவில்லை, முதல் படத்தில் மிளகளவு இருந்த புண் கடைசிப் படத்தில் திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு நின்றது. மருந்து பிடிக்கவில்லை போலிருக்கிறது, வியாழக்கிழமை அழைத்து வந்து சேர்த்துவிடுங்கள், நேரில் பார்த்துவிட்டு அநேகமாக விரலை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். என் ஊசி, அவள் விரல். வெளியே வந்து எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்றுகூட நினைவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து, அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல், கார்டைக் கேமராவில் திரும்பப் போட்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். புண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் கண் பழக்கத்தில் துணி மேல் போய்விட்டது. முதல் படத்தில் துணி முழுக்கப் பொடிப்பொடியாகக் கட்டம். கடைசிப் படத்தில் கட்டம் ஒவ்வொன்றும் பெரிய பொத்தான் அளவு. நானே வெட்டின துணி கண்ணு அது, கட்டம் ஒன்று சரியாகக் கால் அங்குலம், எத்தனை தடவை துவைத்தாலும் அது வளராது. படத்தைத் திரையில் பெரிதாக்கி, பஸ் டிக்கெட்டின் ஓரத்தைப் புண் மேல் வைத்து நகத்தால் கீறி, அப்படியே பக்கத்துக் கட்டங்களின் மேல் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் புண் ஐந்து கட்டம். அன்றைக்குக் காலையில் எடுத்தது மூன்றே கட்டம். ஒரு தடவை அல்ல, ஏழெட்டு தடவை வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவர் நான் லாட்டரிச் சீட்டு ஏதோ சுரண்டுகிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். புண் பெருகவில்லை, சுருங்கியிருக்கிறது. நான்தான் நாளுக்கு நாள் கிட்ட போயிருக்கிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து எதிர் பஸ்ஸைப் பிடித்தேன். டாக்டரம்மா சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார், நடைபாதையிலேயே மறித்துக்கொண்டு உளறிக்கொட்டினேன். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து, கட்டம் கால் அங்குலம், கட்டம் கால் அங்குலம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் கேமராவை வாங்கி நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். “மூணு வாரமா இதைக் கழுத்துல போட்டுக்கிட்டேதான் படம் எடுத்தீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன், அசடு வழிந்தது. நானும் பக்கத்தில் ஒரு அளவு வைக்கச் சொல்லாமல் விட்டேனே என்று அவரும் தலையில் தட்டிக்கொண்டார். இருந்தாலும் வியாழக்கிழமை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார், நாற்காலியோடு நாலு பேர் தூக்கி அம்மாவை இறக்கினோம். அளந்து பார்த்துவிட்டு, சீழ் எலும்புக்குப் போகவில்லை, நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது, விரலைத் தொட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோதுதான் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை, ஊருக்கு முன்னால் மானத்தை வாங்காதீங்க என்று அதட்டினாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னாள், “முதல் நாள் வாசப்படிலேருந்து எடுத்தீங்க. நேத்து உங்க மூக்கு என் கால்ல இடிக்காத குறை.” மறுநாளே போய் அந்த மூன்று கால் ஸ்டாண்டை வாங்கினேன், அந்தப் பெண் நமுட்டுச் சிரிப்பு சிரித்தாள். பழைய டேப்பில் ஆறு அங்குலம் வெட்டிக் காலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தேன். அறுபத்து மூன்றாம் நாள் படத்தில் புண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இனிமேல் வீட்டில் ஊசி வேலை கிடையாது, துணி கடையோடு நிற்கும். அம்மா ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை என்னிடம் காட்ட வேண்டும், அதுவும் சட்டம், சண்டை போட்டுக்கொண்டே காட்டுகிறாள். நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள், உனக்கு அவள் மூக்கு மட்டும் வந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. கேமரா இப்போது சும்மா இருக்கிறதே என்று பார்த்தால், என் காலுக்கு இருக்கிற படம் என் முகத்துக்கு இல்லை என்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். அதனால் அவள் முதல் முதலாகப் படி இறங்கி வந்த அன்று கீழே வாசலில் ஸ்டாண்டை வைத்து, பத்து விநாடி கழித்து எடுக்கிற மாதிரி திருப்பிவிட்டு ஓடினேன். இதோடு வைத்திருக்கும் படம் அதுதான். அகலச் செருப்பில் இரண்டு காலையும் ஊன்றி நிற்பது அம்மா. பக்கத்தில் கலங்கலாக ஒரு முதுகு தெரிகிறதே, அது நான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அனுப்பிய படங்களையெல்லாம் போன வாரம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன், இப்போதுதான் எனக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறதே. போன புதிதில் எடுத்ததில் உன் பல் தெரிகிறது. வர வர நீ தள்ளித் தள்ளிப் போகிறாய். கடைசியாக வந்ததில் பெரிய கட்டிடம், நீண்ட படிக்கட்டு, மேலே ஒரு மூலையில் உன் கோட்டு. அது நான் தைத்த கோட்டு, தோள் அளவு எனக்குத் தெரியும், அது உன் தோளில் நிற்கவில்லை. நாங்கள் மறைத்ததைச் சொல்லிவிட்டோம். நீயும் ஒரு படம் கிட்ட வைத்து எடுத்து அனுப்பு. இளைத்திருந்தாலும் சரி, அழுது கண் வீங்கியிருந்தாலும் சரி, எப்படி இருக்கிறாயோ அப்படி. அப்பா இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரச் செருப்போடு இருக்காதே, பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதே. எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கிறது, நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

உன் படத்துக்குக் காத்திருக்கும்,
அப்பா

(அம்மா பக்கத்தில் நின்று படித்துவிட்டு, தான் தலையில் அடித்து சத்தியம் வாங்கவில்லை, கையில்தான் அடித்தேன் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.)