பெருமாள்மலைச் சரிவைத்தான் எடுத்திருக்கிறேன், அம்மா

என் உயிரான அம்மாவுக்கு,

நீ போன பிறகும் நான் ஆஸ்திரியாவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நான் படிக்கப் போகக் கூடாது என்றுதான் சொந்தக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

உன் இதயம் நின்றுபோன செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். விமானம், ரயில், வத்தலக்குண்டிலிருந்து பஸ் என்று வீடு வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? உனக்காவது தெரியுமா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் தம்பி பேச்சை எடுத்தார்.

"ஏத்தா, படிச்சது போதும். ஒங்கப்பாவுக்குச் சோறாக்க ஆள் வேணும்ல? கொடைக்கானல்ல எம்புட்டு ஸ்கூல் கெடக்கு, ஒரு டீச்சர் வேலையப் பாரு."

"நான் மண்சரிவப் பத்திப் படிக்கிறேன் மாமா. இன்னும் ஒரு வருசம் இருக்கு."

"பொம்பளப்புள்ள மண்ணப் படிச்சு என்ன செய்யப் போற? ஆத்தா சாவுக்கே வந்து சேர முடியல."

பந்தியில் இருந்தவர்களின் கை அப்படியே நின்றது. நான் அழவில்லை. எனக்கு இடம் கிடைத்த அன்று நீ சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவ்வளவு தூரம் எதற்கு என்று அன்றைக்கும் எல்லோரும் கேட்டார்கள். லாட்ஜில் அறைகளைப் பெருக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாய் நீ. தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"சின்னப் புள்ளையில என்னைய ஆரும் ஒரு வார்த்தை கேக்கல. சிலோன்ல இருந்து கப்பல்ல ஏத்தி விட்டாங்க. எங்க போறோம்னே தெரியாது. எம்மக தானாப் பிரியப்பட்டுப் போறா. ஆரும் மறிக்காதீங்க."

"அதெல்லாம் அக்கா இருந்தப்ப" என்றார் மாமா.

அப்போதுதான் அப்பா எழுந்தார். ஜீப் ஓட்டுவதோடு சரி, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுஷன். "எனக்குக் கையிருக்கு மாப்ள. நான் ஆக்கிக்கிருவேன். அவ போகட்டும்" என்றார். சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்பா இப்போது சமைக்கிறார் அம்மா. போன வாரம் வீடியோவில் ரசச் சட்டியைக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது. "குடிச்சுப் பாத்தாத்தான தெரியும்" என்று சாதித்தார். நீ இருந்தால் விட்டிருப்பாயா?

இங்கேயும் ஒரு சண்டை நடந்தது. "ஆய்வுக்கு இங்குள்ள மலையை எடுத்துக்கொள். எல்லா அளவுகளும் தயாராக இருக்கின்றன. உன் மலைக்கு ஒன்றுமே இல்லையே" என்றார் என் பேராசிரியர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"இல்லாததால்தான் எடுக்கிறேன்" என்றேன்.

அந்த மழைக்காலம் உனக்கு நினைவிருக்கும். பெருமாள்மலையில் நம் வீட்டுக்குப் பின்னால் சரிவு இறங்கிப் பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்தது. நம்மைக் காலி செய்யச் சொன்னார்கள். எதனால் இறங்கியது என்று யாராவது வந்து பார்த்தார்களா? ரோட்டில் விழுந்த மண்ணை அள்ளினார்கள், பஸ் ஓடியது, அதோடு மறந்தார்கள். சுற்றுலா வண்டிகளுக்கு வழி கிடைத்தால் போதுமா? அந்தச் சரிவில் குடியிருக்கும் நாம் யார் கணக்கில் வருகிறோம்?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். உடனே சம்மதிக்கவில்லை. நம் மலையில் மண் இறங்கிய இடங்களின் செயற்கைக்கோள் படங்களைத் தேடி எடுத்து, மறுபடி மறுபடி அவர் அறைக்குப் போய் மேசையில் பரப்பினேன். கடைசியில், "சரி, ஆனால் கஷ்டமாக இருக்கும்" என்றார். இருக்கட்டுமே. எனக்கு எது சுலபமாக வந்தது?

அடுத்த மழைக்கு முன்னால் கருவிகளோடு வருகிறேன். முதலில் நீ இருக்கும் இடத்துக்கு வந்து, அன்றைக்கு அழாததையெல்லாம் அழுவேன். அதற்குப் பிறகு சரிவில் ஏறுவேன். எங்கே நீர் இறங்குகிறது, எந்த இடம் அடுத்துச் சரியப்போகிறது என்று அளந்து எழுதி அதிகாரிகள் முன்னால் வைப்பேன். அப்புறம் வா என்றால் அப்புறமும் போவேன். அவர்கள் மலையேறி வந்து பார்க்கும்வரை விட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வயிற்றில் பிறந்த, உன்னைப் போலவே பிடிவாதக்காரியான மகள்,
கௌசல்யா