வங்கக் கடலுக்கு ஒரு காவல்காரன்

விளாங்குடி,
14-3-1942

அன்பு மகன் மருதுவுக்கு அப்பா நல்லகாமன் எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம். மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விமானத்தில் பறப்பதை விட்டுவிட்டு பெங்களூர்ப் பட்டறைக்கு மாற்றல் கேட்கலாமா என்று எழுதியிருந்தாய். பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். திண்டுக்கல் பஸ்ஸில் பேப்பர் வருமுன்பே ரோட்டுக்குப் போய் நிற்கிறேன். வந்த பேப்பரைப் படிக்காமல் மடித்துக்கொண்டு திரும்புகிறேன்.

மலையம்மாளின் புருஷன் முத்திருளன், மாசி பிறந்ததும் ரங்கூனில் கப்பல் ஏறுவதாகத் தந்தி அடித்திருந்தான். அந்தக் கப்பல் இன்னும் எந்தத் துறைமுகத்துக்கும் வரவில்லை. கப்பல் கம்பெனிக்காரர்கள் தாமதம் என்கிறார்கள். ஒரு மாதமாக அந்த ஒரு சொல்லை வைத்தே சமாளிக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவள் நம் வாசலில் வந்து நின்றாள். "கடலு ஒங்க மகன் காவல்தான மாமா? அப்ப எம் புருசன் எங்கன்னு நீங்கதான சொல்லணும்" என்றாள். அழவில்லை. வயலில் கதிர் களவு போனால் வந்து கேட்பார்களே, அப்படிக் கேட்டாள்.

தவறு என்னுடையது. நீ படையில் சேர்ந்தபோது, வயல் காவல் ஏற்பவனுக்குக் கட்டுவது போல ஊர் மந்தையில் வைத்து உன் தலையில் உருமால் கட்டச் சொன்னவன் நான். வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தேசப் படத்தையும் விரித்து, இந்தக் கடல் முழுவதும் என் மகன் காவல் என்று விரலால் கோடு இழுத்தேன். உருமால் கட்டியவன், தன் காவலில் எது தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அன்று எனக்கு அது நினைவில்லை. ஊருக்கு இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மந்தையில் கூடினோம். நீ தை மாதம் விடுப்பில் வந்தபோது சொன்னதைச் சொன்னேன். போன வருஷம் சிக்கனக் குழு கூடி, வங்கக் கடலில் பகைவர் எவரும் தென்படாததால் அதைப் பார்க்க மூன்று விமானம் அதிகம் என்று முடிவு செய்ததையும், ஒன்றை வேறு முகாமுக்கு அனுப்பி, இன்னொன்றை உதிரிப் பாகத்துக்காகக் கழற்றியதையும் விளக்கினேன். கடலைக் குறைக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லாததால் அது பழைய அளவிலேயே இருக்கிறது. பகைவர் இப்போது வந்துவிட்டார்கள். உத்தரவை மாற்றும் குழு இன்னும் கூடவில்லை. (இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கு வணக்கம். இவையெல்லாம் ஒத்தக்கடை வரை பேசப்படும் ரகசியங்கள்.)

பேயாண்டி அண்ணன் குறுக்கிட்டார். "ஏன் வாத்தியாரே, அம்புட்டுத் தண்ணிக்கும் ஒத்தை வண்டியா? நம்ம கம்மாய்க்கே ரெண்டு ஆளு போட்டிருக்கோமே." செவ்வாய்க்கிழமை தெற்கே, வெள்ளிக்கிழமை வடக்கே பறப்பதாக நீ சொன்னதையும் சொன்னேன். மற்ற நாட்களில் யார் பார்ப்பது என்று கேட்டார். என்ஜினைப் பிரித்துத் துடைப்பார்கள் என்றேன்.

இது காவலே இல்லை, ஒப்புக்கு நிறுத்திய ஆள் என்று ஊர் முடிவு செய்தது. உருமாலைத் திருப்பிக் கொடுத்தால் நம் வீட்டுக்குப் பொறுப்பு விட்டது. எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா அதைத் துவைத்து மடித்துத் தயாராக வைத்திருந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து அவள் பெங்களூரைப் பற்றித்தான் பேசுகிறாள். அங்கே கடல் கிடையாது என்பதை என்னிடம் மூன்று முறை உறுதி செய்துகொண்டாள்.

மந்தையில் நான் அதை நீட்டியபோது மலையம்மாள் எழுந்தாள். "வாங்காதீக. இதை வாங்கிப்புட்டா நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்? கவர்மெண்டுகிட்டயா?" என்றாள். பேயாண்டி அண்ணன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு யாரும் கை நீட்டவில்லை. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அந்தக் கப்பல் எந்தக் கிழமையில் வந்திருக்கும் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நீயும் கணக்குப் பார்க்காதே.

மாற்றலைப் பற்றி: கேள் என்று எழுதினால் மலையம்மாள் முகத்தில் விழிக்க முடியாது, கேட்காதே என்று எழுதினால் உன் அம்மா முகத்தில். இருபது வருஷம் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தவனுக்கு இதற்கு விடை தெரியவில்லை. நீ எதைச் செய்தாலும் அது நான் சொல்லிச் செய்ததாகவே இருக்கட்டும்.

பறக்கிற நாளில் இரண்டு கார்டு போடு. கடலில் கண்டதை மலையம்மாளுக்கு எழுது. ஒன்றும் காணவில்லை என்றாலும் எழுது, அவளுக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும். தரையில் இறங்கிவிட்டேன் என்று அம்மாவுக்கு எழுது. எனக்குத் தனியாக வேண்டாம். அவள் கார்டை நான்தானே படித்துக் காட்ட வேண்டும்.

உன் நலம் வேண்டும்
அப்பா