ஒவ்வாமை: இல்லை

வியாழன், காலை

அன்புத் தங்கை வாலுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் நீ நன்றாகத்தான் இருப்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் அதுவும் ஒன்று. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம். சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார் கூரியர்க்காரர். திங்கட்கிழமை காலை உன் அதிகாரிக்கு இங்கிருந்து ஓர் அறிக்கை போகிறது. உன் வேலையை நிரந்தரமாக்குவதா என்று அவர்கள் உட்கார்ந்து பேசப்போவதும் அன்றைக்குத்தான். அதற்கு முன் நீ இதைப் படித்திருக்க வேண்டும்.

முதலில் அம்மா. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் அறையை யாரும் தொடக்கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறாள். என் துணி காயப்போட இடமில்லை, அதை யார் கேட்பது. போன மாதம் எதிர்வீட்டு டீச்சர் வந்து, சின்னவள் அப்படி என்னதான் செய்தாள், இவ்வளவு சீக்கிரம் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்களே என்று கேட்டாள். நான்தான் இப்படி விளக்க வேண்டியதாயிற்று. கிளினிக்குகளிலிருந்து நோயாளிகளின் விவரம் எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும். பெயர், வயது, மருந்து என்று ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில், மேலே பெயர் எழுதி. நம் ப்ரோக்ராமில் நோயாளிக்கு ஓர் அலமாரி, அதில் அறைகள். எந்த டப்பாவைத் திறந்து எதை எந்த அறையில் வைப்பது என்று நான் மூவாயிரத்து இருநூறு வரி எழுதியிருந்தேன். இவள் வந்து ஒவ்வொரு அறையின் மேலும், இந்தப் பெயருள்ள டப்பா இங்கே என்று ஒரு சீட்டு ஒட்டினாள், அனோட்டேஷன் என்பார்கள். மீதியை லைப்ரரி என்கிற ஆயத்த ப்ரோக்ராம் பார்த்துக்கொள்ளும். மொத்தம் இருநூற்றுப் பதினாலு வரி, பதினொரு நாள் வேலை. சொல்லி முடித்ததும் அம்மா, "அப்போ நீ ஒன்பது வருஷமா ஒவ்வொரு டப்பாவையும் கையால திறந்துட்டா இருந்தே?" என்றாள். டீச்சர் சிரித்தாள். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நீ எழுதிய ப்ரோக்ராம் கோடு ஓடத் தொடங்கிய அன்று ஆபீஸே எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன், யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று.

இனி விஷயம். போன வாரம் திங்கட்கிழமை ஒரு பழைய கிளினிக்கின் மருந்தாளுநர் கூப்பிட்டார். "உங்க ஸ்கிரீன்ல ஒவ்வாமை இல்லைன்னு போட்டிருக்கு. ஆளு என் முன்னாடி நின்னு, பென்சிலின் கொடுத்தா மூச்சு முட்டும்ங்கறாரு. நான் யாரை நம்பறது, உங்களையா அவரையா?" என்றார். நோயாளியை வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்ததால் ஓர் உயிர் தப்பியது. கால் மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்ததாக மேலாளரிடம் சொன்னேன். பொய். போனை வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அங்கேயும் இன்னும் இரண்டு பழைய கிளினிக்குகளிலும் ஒவ்வாமையைத் தனி டப்பாவில் வைப்பதில்லை. நோயாளியின் சின்ன டப்பாக்களெல்லாம் அடங்கிய பெரிய டப்பாவுடைய மூடியிலேயே எழுதிவிடுவார்கள். உன் சீட்டு டப்பாவைத்தான் தேடச் சொல்கிறது. டப்பா இல்லையென்றால் லைப்ரரி சத்தம் போடாது, அறையைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். காலியாக இருப்பதை ஸ்கிரீன் 'இல்லை' என்று காட்டும். என் கோடில் இதற்கென்றே ஆறு வரி இருந்தது. அதை அழிப்பதற்கு முன் நீ என் மேசைக்கு வந்து, "அக்கா, இதுல எனக்குத் தெரியாத விவகாரம் ஏதாவது ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்டாய். "எல்லாம் தெரிஞ்சவ நீ, என்னை ஏன் கேக்கறே?" என்றேன். கிண்டல் என்று நினைத்து நீ சிரித்துக்கொண்டே போனாய். அந்த ஆறு வரியும் அப்போது என் திரையில் திறந்தேதான் இருந்தது.

மருந்தாளுநர் கூப்பிட்ட அன்றைக்கே ஆபத்தைத் தடுத்துவிட்டேன். 'இல்லை' என்பதை எடுத்துவிட்டு 'நோயாளியிடம் கேட்கவும்' என்று போட்டேன். கிளினிக்குகள் இருநூற்று முப்பத்தெட்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, "உங்க தங்கச்சி அவசரப்பட்டுட்டாங்க. உங்க பழைய கோடையே திரும்பப் போட்டுடலாமா மேடம்?" என்றார். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்கிற சாக்கில் ஒரு காரியம் செய்தேன். என்னுடையது எவ்வளவு உசத்தி என்பதை எண்ணிக்கையோடு அறிக்கையில் போட வேண்டும் என்று ஆசை. ஒன்பது வருட ஃபைல்களையும் இரண்டு கோடிலும் ஓட்டி, ஒவ்வாமையை மட்டும் ஒப்பிட்டேன். அந்த மூன்று கிளினிக்கிலும் நீ தோற்றாய். மற்ற கிளினிக்குகளில் ஆயிரத்து அறுபது பேருக்கு வித்தியாசம் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லோருமே ஒன்றுக்கு மேற்பட்ட ஒவ்வாமை உள்ளவர்கள். என் கோடு இரண்டாவதைப் படிக்கும்போது முதலாவதை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஒன்பது வருடமாக. உன்னுடையதில் அந்த அறை ஒரு பட்டியல். எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்கிறது.

ஏதோ தற்செயலாக அமைந்துவிட்டது என்றுதான் நினைக்கப் பார்த்தேன். பிறகு உன் சோதனை ஃபைல்களைத் தேடினேன். நீ வேலையைத் தொடங்கிய மூன்றாம் நாள் தேதியில் ஒன்று இருந்தது: இரண்டு ஒவ்வாமை உள்ள ஒரு நோயாளி. பழைய கோடில் ஓட்டினால் ஒன்றுதான் வருகிறது என்று நீயே கீழே குறித்திருக்கிறாய். ஆக, பார்த்திருக்கிறாய். மேலாளரிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அத்தனை கைதட்டலுக்கு நடுவிலும் சொல்லவில்லை.

நீ செய்தது சரியில்லை. அக்கா முகம் வாடிவிடும் என்று மருந்து விவகாரத்தை மூடி வைக்கலாமா? தப்பான மருந்து எதுவும் போனதா என்று அந்த ஆயிரத்து அறுபது பேரையும் இப்போது தேடிப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்; பாதிப் பேரின் நம்பர் மாறிவிட்டது. இப்படி உன்னைத் திட்டுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டம். உன் கோடில் என்ன விட்டுப்போகும் என்று தெரிந்தும் நான் வாயை மூடியிருந்தது, நீ விழ வேண்டும் என்று. என் தப்பு தெரிந்தும் நீ வாயை மூடியிருந்தது எதற்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. அதிலும் நீதான் எனக்கு முன்னால் நிற்கிறாய். நிஜத்தைச் சொல்கிறேன், அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

பழைய கோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னுடையதிலேயே மூடிக்கு ஒரு சீட்டு, டப்பாவுக்கு ஒரு சீட்டு, இரண்டில் வந்ததைச் சேர்த்துக் கொடுக்க ஒரு சின்னப் பகுதி. பதினாறு வரி. நேற்று மதியத்திலிருந்து ஓடுகிறது. அறிக்கையை நானே எழுதினேன். ஒன்பது வருடப் பிழை என்னுடையது. மூன்று கிளினிக் விவகாரம் எனக்குத் தெரியும், தங்கை கேட்டபோது சொல்லவில்லை. படித்துவிட்டு மேலாளர், "இதை இப்படியே அனுப்பணுமா மேடம்? பாதியை எடுத்துடலாமே" என்றார். எடுக்கவில்லை.

உன் சோதனை ஃபைலைப் பற்றி மட்டும் நான் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீ. அவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நீ உன் வழக்கப்படி, "அக்கா சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கலை" என்று எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். வேண்டாம். பொம்மைக்கும் ஜன்னலோர இடத்துக்கும் "சின்னவதானே, விட்டுக்கொடு" என்று அம்மா சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவிருக்கிறது, நான் அப்படிப்பட்டவள்தான். திங்கட்கிழமை இந்தப் பழியை மட்டும் நீ எனக்கு விட்டுக்கொடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா